கடல் கடந்த பெயர்களும் நம் கோயில் ஏடுகளும்

மத்தேயு சுவிசேஷத்தின் முதல் அதிகாரம் ஒரு பெயர்ப் பட்டியலோடு தொடங்குகிறது. ஆபிரகாம் முதல் இயேசு கிறிஸ்து வரை 14 தலைமுறைகள் கொண்ட மூன்று அடுக்குகளாக அவ்வம்சவரிசை அமைந்துள்ளது. கிறிஸ்து பிறப்புத் திருநாளுக்கு முந்திய நாட்களில் அவ்வாசகம் கோயிலில் படிக்கப்படும்போது, விசுவாசிகளுள் சிலர் மெல்லக் கொட்டாவி விடுவதை நாம் பீடத்தினின்று கண்டதுண்டு. அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. தந்தை பெயரையும் பாட்டன் பெயரையும் சொந்த ஊரையும் கேளாமலே அறிந்திருப்போருக்குப் பெயர்ப் பட்டியலின் அருமை எளிதில் விளங்குவதில்லை.

ஆயினும், அத்தகைய பட்டியலின் ஒரே ஒரு வரிக்காக ஏங்கும் மக்கள் இன்று உலகின் பல பாகங்களில் வாழ்கின்றனர். தென் ஆப்பிரிக்காவின் நேட்டாலிலும், மொரீஷியஸ், ரீயூனியன் தீவுகளிலும், பசிபிக் பெருங்கடலின் பீஜியிலும் வாழும் அவர்கள் நம் இரத்த உறவினர். அவர்களுடைய பூட்டனும் பூட்டியும் நம் ஊர்களிலிருந்து கப்பல் ஏறியவர்கள். பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் இப்போது கேட்கும் கேள்வி ஒன்றே: “எங்கள் ஊர் எது?” இக்கேள்விக்கான விடை சில வேளைகளில் நம் பங்குக் கோயிலின் மர அலமாரியிலேயே இருக்கக்கூடும். அதைப் பற்றியே இங்கு எழுத விழைகிறோம்.

ஏன் போனார்கள்?

பிரிட்டிஷ் பேரரசில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833ஆம் ஆண்டு இயற்றப்பட்டு, 1834ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. கரும்புத் தோட்ட முதலாளிகள் கூலிக்கு ஆள் தேடினர். அவர்களுடைய பார்வை இந்தியாவின் மேல் விழுந்தது. அதே 1834ஆம் ஆண்டு தொடங்கி மொரீஷியஸ் தீவுக்கு மட்டும் சுமார் 4,50,000 இந்தியர் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் தமிழரும் கணிசமானோர். அவர்கள் இறங்கிய துறைமுகப் படிக்கட்டு இன்று ‘ஆப்ரவாசி காட்’ என்னும் நினைவிடமாக, 2006ஆம் ஆண்டு முதல் உலகப் பாரம்பரியச் சின்னமாகப் போற்றப்படுகிறது.

நேட்டாலுக்கு முதல் கப்பல் சென்னையிலிருந்தே சென்றது. ‘துருரோ’ என்னும் அக்கப்பல் 1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. 1911 வரை நேட்டாலுக்குச் சென்ற இந்தியர் சுமார் 1,52,000 பேர். பீஜித் தீவுக்கு 1879 முதல் 1916 வரை 60,000 பேர் சென்றனர். 1903ஆம் ஆண்டுக்குப் பின் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் அங்கே கப்பல்கள் சென்றன. ரீயூனியனுக்கும் மார்த்தினிக், குவாதலூப் தீவுகளுக்கும் புதுச்சேரி, காரைக்கால் வழியாக நம் மக்கள் போயினர்.

ஒப்பந்தம் ஐந்தாண்டுக்கு எழுதப்பட்டது. ‘அக்ரிமெண்ட்’ என்னும் சொல் மக்கள் நாவில் ‘கிர்மிட்’ என மருவியது. நேட்டாலில் முதல் ஆண்டுச் சம்பளம் மாதம் 10 ஷில்லிங், அரிசி பருப்புப் படி தனி. இத்துணைச் சிறு கூலிக்காகக் கருங்கடலைத் தாண்டத் துணிந்தது எதனால்? நம் மாவட்டத்து முதியோர் இன்றும் மறவாத பெயர் ஒன்று உண்டு: தாது வருஷப் பஞ்சம். 1876ஆம் ஆண்டு மழை பொய்த்தது. 1878 வரை பசி ஊரை மேய்ந்தது. அக்காலத்தில் தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை, ஓசூர் எல்லாம் சேலம் ஜில்லாவின் தாலுகாக்கள். 1871ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சுமார் 19,67,000 ஆக இருந்த அந்த ஜில்லாவின் மக்கள்தொகை, 1881இல் சுமார் 16,00,000 ஆகக் குறைந்தது. பத்தாண்டில் பெருகியிருக்க வேண்டிய மக்கள் மூன்றரை இலட்சத்துக்கு மேல் குறைந்தனர். பெரும்பாலோர் பசியாலும் பேதியாலும் மாண்டனர். சிலர் ஊரை விட்டு நடந்தனர். அவ்வாறு நடந்தவர்களுள் ஒரு பகுதியினர் சென்னையின் கூலி டிப்போவில் போய்ச் சேர்ந்தனர்.

கப்பல் ஏடு கூறுவது

அரசாங்கத்தார் அவர்களைக் கணக்கில் வைத்தனர். அன்பினால் அன்று, ஒப்பந்தத்தை நிறைவேற்றுவிக்கும் பொருட்டு. ஆயினும் அக்கணக்கே இன்று பேரப்பிள்ளைகளுக்குச் செல்வமாயிற்று. ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுக்கப்பட்டது. எண்ணுக்கு எதிரே பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, உயரம், உடல் அடையாளம், ஜில்லா, தாலுகா, கிராமம் என எழுதப்பட்டன. மொரீஷியஸில் 1860களின் நடுப்பகுதி முதல் புகைப்படமும் எடுக்கப்பட்டது. அத்தீவின் ஏடுகள் மோக்கா நகரில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் பேணப்படுகின்றன. நேட்டால் கப்பல் ஏடுகளின் விவரங்களை டர்பன் நகரில் காந்தி–லுத்துலி ஆவண மையத்தார் தொகுத்துள்ளனர். பீஜியின் பயணச் சீட்டுகள் சுவா நகரின் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன.

எனவே, தேடுவோர் முதலில் கண்டுபிடிக்க வேண்டியது அந்த எண்ணையே. வெளிநாட்டில் பிறந்த பாட்டனாரின் பிறப்புச் சான்றிலோ திருமணச் சான்றிலோ அவ்வெண் குறிக்கப்பட்டிருப்பது உண்டு. எண் கிடைத்தால் கப்பல் கிடைக்கும். கப்பல் கிடைத்தால் கிராமம் கிடைக்கும்.

ஆனால் கிராமத்தின் பெயரில்தான் சிக்கல் தொடங்குகிறது. தமிழ் அறியாத குமாஸ்தா, காதில் விழுந்ததை ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டார். நம் பகுதியில் ‘அள்ளி’ என முடியும் ஊர்கள் எத்தனை! ‘பட்டி’ என முடிவன எத்தனை! ஒரே பெயரில் இரண்டு மூன்று ஊர்கள் வெவ்வேறு தாலுகாக்களில் உள்ளன. மேலும், தர்மபுரி மாவட்டம் 1965ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள்தான் சேலத்திலிருந்து பிரிந்தது. கிருஷ்ணகிரி மாவட்டம் 2004இல் தோன்றியது. ஆகவே கப்பல் ஏட்டில் ‘சேலம்’ என்றிருப்பதைக் கண்டு சேலம் நகரையே சுற்றித் திரும்புவோர், பென்னாகரத்துக்கும் பாலக்கோட்டுக்கும் வந்திருக்க வேண்டியவராகவும் இருக்கலாம்.

அயர்லாந்து காட்டும் வழி

அரசாங்க ஏடு நின்றுவிடும் இடத்தில் கோயில் ஏடு தொடர முடியும் என்பதற்கு அயர்லாந்து நாடு சிறந்த சான்று. சென்னைத் திருச்சபைக்கு அந்நாடு அந்நியமன்று. 19ஆம் நூற்றாண்டில் சென்னையின் ஆயர்களாக விளங்கிய ஃபென்னலி சகோதரர் இருவரும் அயர்லாந்தினரே.

1845ஆம் ஆண்டு அந்நாட்டின் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. ஏழைகளுக்கு அதுவே உணவு. 1852 வரை நீடித்த பஞ்சத்தில் சுமார் 10 இலட்சம் பேர் மாண்டனர். ஏறக்குறைய அதே எண்ணிக்கையினர் அமெரிக்காவுக்கும் பிற நாடுகளுக்கும் கப்பல் ஏறினர். இன்று அவர்களுடைய சந்ததியார் கோடிக்கணக்கில் கடலுக்கு அப்பால் வாழ்ந்து, முன்னோர் ஊரைத் தேடி அயர்லாந்துக்கு வருகின்றனர்.

வருவோர்க்கு அரசாங்க ஏடுகள் பெரிதும் உதவவில்லை. 1861 முதல் 1891 வரையிலான குடிக்கணக்கு ஏடுகளை அரசாங்கத்தாரே அழித்துவிட்டனர். அவற்றுக்கு முந்தியவை 1922ஆம் ஆண்டு உள்நாட்டுப் போரில் டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்தபோது பெரும்பாலும் சாம்பலாயின. எஞ்சியவை எவை? கிராமத்துக் கத்தோலிக்கக் கோயில்களில் இருந்த ஞானஸ்நான ஏடுகளும் திருமண ஏடுகளும். அவை தலைநகருக்குப் போகாமல் அந்தந்தப் பங்கிலேயே கிடந்தமையால் தப்பின. அந்நாட்டுத் தேசிய நூலகத்தார் அவற்றைப் படமெடுத்துப் பாதுகாத்து, 2015ஆம் ஆண்டு ஜூலை மாதம் உலகத்தார் யாவரும் கட்டணமின்றிக் காணுமாறு கணினியில் வெளியிட்டனர். நிலமோ பட்டாவோ இல்லாத உழவனின் மகளும் மகனும் எந்த அரசாங்கப் புத்தகத்திலும் இல்லாவிடினும், பங்குக் குருவின் புத்தகத்தில் இருந்தனர்.

நம் ஏட்டைப் படிப்பது எப்படி?

கத்தோலிக்கப் பங்குகளில் ஏடு எழுதும் வழக்கத்தை 1563ஆம் ஆண்டு திரிதெந்து பொதுச்சங்கம் கட்டளையாக்கிற்று. நம் நாட்டுக்கும் அவ்வழக்கம் வேதபோதகர்களோடு வந்தது. பிறப்பு இறப்புகளை அரசாங்கம் நாடு முழுவதும் ஒரே சட்டத்தால் பதிவுசெய்யத் தொடங்கியது 1969ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின்பே என்பதை நினைக்குங்கால், கோயில் ஏட்டின் பெருமை விளங்கும்.

ஓர் உதாரணத்தைக் கற்பனையாகக் கொள்வோம். கப்பல் ஏட்டில், ‘சூசை, தகப்பன் ராயப்பன், வயது 24, ஜில்லா சேலம், தாலுகா தர்மபுரி’ என ஒரு வரி உள்ளது. கப்பல் புறப்பட்டது 1878. கழித்துப் பார்த்தால் பிறந்தது 1854. ஆனால் அக்காலத்தில் வயதைத் திட்டமாக அறிந்தவர் அரிது. ஆகவே 1849 முதல் 1859 வரை தேட வேண்டும். ஏட்டைத் திறந்தால் சூசையும் இல்லை, ராயப்பனும் இல்லை! ஏனெனில், நம் பகுதியில் உழைத்த பிரெஞ்சு நாட்டுக் குருக்கள் இலத்தீனில் எழுதினர். சூசை அங்கே ‘யோசேப்புஸ்’, ராயப்பன் ‘பெத்ருஸ்’, சின்னப்பன் ‘பௌலுஸ்’, அருளப்பன் ‘யோவான்னெஸ்’, சவரிமுத்து ‘சவேரியுஸ்’. இந்தத் திறவுகோல் இல்லாதவர் ஏட்டைப் புரட்டி வெறுங்கையோடு திரும்புவர்.

எந்தப் பங்கின் ஏடு என்பதும் ஆராயத்தக்கது. தர்மபுரி மறைமாவட்டம் 1997ஆம் ஆண்டு சேலம் மறைமாவட்டத்திலிருந்து பிரிந்தது. சேலம் மறைமாவட்டமோ 1930ஆம் ஆண்டு, புதுச்சேரி, மைசூர், கும்பகோணம் ஆகிய மூன்றின் பகுதிகளைச் சேர்த்து அமைக்கப்பட்டது. இன்றைய பங்குகள் பல, கோவிலூர் போன்ற பழம் பங்குகளிலிருந்து காலப்போக்கில் கிளைத்தவை. எனவே இன்று ஒருவருடைய கிராமம் எந்தப் பங்கைச் சேர்ந்தது என்பது போதாது. அன்று அது எந்தத் தாய்ப்பங்கைச் சேர்ந்திருந்தது என்று கேட்க வேண்டும்.

நம் ஏடு எல்லார்க்கும் விடை தராது என்பதையும் மறைப்பதற்கில்லை. கடல் கடந்தோரில் மிகப் பெரும்பாலோர் இந்து சகோதரர். சிலர் போன இடத்தில் ஞானஸ்நானம் பெற்றவர். அவர்களுடைய வேரை ஊர்க் கோயில், குலதெய்வம், முதியோர் நினைவு ஆகியவற்றின் வழியே தேட வேண்டும். ஆயினும், முதற் கப்பலிலேயே கிறிஸ்தவர்களும் போயினர். நேட்டாலில் அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த சபோன் அடிகளார் தமிழ் கற்று அவர்களுக்கு ஊழியம் செய்து, 1867ஆம் ஆண்டு டர்பனில் இந்தியப் பிள்ளைகளுக்குப் பள்ளியும் திறந்தார். நம் மந்தையின் ஆடுகளை அந்நிய மேய்ப்பர் பெயர் சொல்லி அழைத்தார் என்பது நாம் நன்றியோடு நினைக்கத்தக்கது.

ஓரத்தில் எழுதிய குறிப்பு

இலங்கைக்கும் மலாயாவுக்கும் போனவர்களின் கதை வேறு. கங்காணி ஊருக்கு வந்து உற்றார் உறவினரைக் கூட்டமாக அழைத்துச் சென்றான். ஆளுக்கொரு வரியாக எழுதிய கப்பல் ஏடு அவர்களுக்குப் பெரும்பாலும் கிடையாது, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைத் தோட்டத்துக்குப் போனவர் கழுத்தில் தோட்டத்தின் அடையாளம் பொறித்த தகரத் துண்டு ஒன்று தொங்கிற்று, அவ்வளவே.

இவர்கள் விஷயத்தில்தான் கோயில் ஏட்டின் ஓரம் உதவுகிறது. அர்ச். பத்தாம் பத்திநாதர் காலத்தில், 1908ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறு முதல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, ஒருவர் எங்கே திருமணம் செய்தாலும் அச்செய்தி அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்கு அனுப்பப்பட்டு, ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் எழுதப்பட வேண்டும். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பும் இதனை வலியுறுத்துகிறது. ஆகவே கண்டியிலோ பினாங்கிலோ திருமணம் முடித்த ஒரு மகனின் செய்தி, அவன் தாய் அறியாமலே, அவள் ஊர்க் கோயில் ஏட்டின் ஓரத்தில் வந்து அமர்ந்திருக்கக்கூடும்.

ஏடு என்பது வெறும் காகிதமா? இலங்கையில் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், தந்தையோ, பாட்டனும் பூட்டனுமோ அந்நாட்டில் பிறந்ததைக் காட்டுமாறு கேட்டது. காட்டக் காகிதம் இல்லாத இலட்சக்கணக்கான தோட்டத் தமிழர் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாகவும் 3,00,000 பேரை இலங்கை ஏற்பதாகவும் முடிவாயிற்று. மீதி 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பங்கிட்டன. காணாத ஊரைச் சொந்த ஊர் என்று சொல்லிக்கொண்டு எத்தனை குடும்பங்கள் மண்டபம் முகாமில் வந்திறங்கின! இலங்கையில் எஞ்சிய நாடற்றோர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் குடியுரிமை கிடைத்தது. பிறப்பைக் காட்டும் ஒரு வரியின் விலை அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட கண்ணீராயிற்று.

வருவோரை ஏற்கும் முறை

கடல் கடந்த நாட்டிலிருந்து உறவு என்று ஒருவர் வந்து நின்றால், நம் வீடுகளில் முதலில் எழும் எண்ணம் என்ன? “சொத்தில் பங்கு கேட்க வந்திருப்பாரோ?” என்பதே. வெளிப்படையாகச் சொல்வதில் தவறில்லை. இந்த அச்சத்தால் தெரிந்த பெயரையும் தெரியாது என்று சொல்லிவிடுவோர் உண்டு. நான்கைந்து தலைமுறைக்குப் பின் ஒரு கைப்பிடி மண்ணையும் ஒரு கல்லறையையும் பார்க்க வருபவரிடம் பத்திரத்தை மறைப்பது அவசியமற்றது. வருபவரும், முதல் நாளிலேயே தம் நோக்கத்தைத் தெளிவாகக் கூறிவிடுவது நலம்.

வேறோர் அச்சம் அவர்கள் பக்கத்தில் உண்டு. போனவர்களுள் சிலர் பெயரை மாற்றிச் சொன்னார்கள். சிலர் சாதியை மாற்றினார்கள். சிலர் இங்கே மனைவி மக்களைக் கைவிட்டுப் போனார்கள். கணவனை இழந்த பெண்கள் பழிச்சொல்லுக்கு அஞ்சித் தனியே கப்பல் ஏறினார்கள். தேடினால் இவையும் வெளிப்படும். அப்போது முகம் சுளிப்பது நமக்குத் தகாது. மத்தேயு எழுதிய வம்சவரிசையில் தாமாரும் ராகாபும் உரியாவின் மனைவியும் இடம்பெற்றுள்ளனர். பரிசுத்த ஆவியானவர் மறைக்க நினையாததை நாம் மறைத்து யாருக்குப் பெருமை தேடப் போகிறோம்? ஆயினும், ஏட்டில் ஒரு குழந்தையின் பிறப்பைக் குறித்து எழுதப்பட்ட கடுமையான சொற்களை ஊரறியப் படிப்பதும் தர்மமன்று. பங்குக் குருவே தேடி, உரியவருக்கு வேண்டிய வரியை மட்டும் எழுதிக் கொடுப்பதே முறை.

நம் கடமை

“எதற்குச் சாமி இந்தப் பழைய புத்தகம்? கரையான் தின்றதுதானே மிச்சம்!” என்று கேட்போர் உண்டு. கரையான் தின்னாத பக்கம் யாருடைய பாட்டன் என்பதை யார் அறிவார்? பழைய ஏடுகளைக் கவனமாகப் பேண வேண்டும் என்பது திருச்சபைச் சட்டத்தின் 535ஆம் எண் விதிக்கும் கடமை. ஈரமில்லாத இடத்தில், தரையில் படாமல், சுவரில் ஒட்டாமல் வைக்க வேண்டும். கிழிந்த தாளில் பசை நாடா ஒட்டலாகாது. ஆண்டுகள் செல்லச் செல்ல அப்பசையே எழுத்தைத் தின்றுவிடும். ஆயரின் அனுமதியோடு ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து ஒரு பிரதியை மறைமாவட்ட ஆவணக் காப்பகத்தில் வைக்கலாம். புதிய நோட்டில் பெயர்த்து எழுதிவிட்டோம் என்று பழையதை எறிந்துவிடுவது பெருந்தவறு. பெயர்த்தெழுதுவோர் விட்ட வரியை மூல ஏடு ஒன்றே காட்டும்.

குடும்பங்களுக்கும் பங்கு உண்டு. பரணில் கிடக்கும் தகரப்பெட்டியில் மலாயாவிலிருந்து வந்த கடிதமோ, அந்நிய நாட்டுத் தபால்தலை ஒட்டிய உறையோ, பின்புறம் எழுத்துள்ள புகைப்படமோ இருந்தால் எறியாதிருங்கள். வீட்டில் மூத்தவரிடம் உட்கார்ந்து, “நம் குடும்பத்தில் கப்பல் ஏறிப் போனவர் யார்? எந்தச் சீமைக்கு? யாரோடு?” என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். தகப்பன் வழியை மட்டும் எழுதி நிறுத்திவிடாமல், தாய் வழியையும் பெண்மக்கள் பெயரையும் எழுதுங்கள். ஞானப்பெற்றோர் பெயரையும் விடாதீர்கள். உறவினரே பெரும்பாலும் அவ்விடத்தில் நிற்பதால், அறுந்த நூலை அப்பெயர் இணைக்கும்.

வரும் நவம்பர் மாதத்தில், இறந்தோர் திருப்பலிக்காகப் பெயர்களை எழுதிப் பங்கு அலுவலகத்தில் கொடுப்பீர்கள். அப்பட்டியலில், கடல் கடந்து போய்த் திரும்பாதவருக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். பெயர் தெரியாவிடில், ‘பெரிய தாத்தாவின் தம்பி, நேட்டாலுக்குப் போனவர்’ என்று மட்டுமாவது எழுதிக் கொடுங்கள். அப்பெயரை ஆண்டவர் அறிவார்; அதே நாளில் கடலுக்கு அப்பால் எங்கோ ஒரு கோயிலில், ஊர்ப் பெயர் தெரியாத ஒரு குடும்பம் அவருக்காகவே செபித்துக்கொண்டிருக்கவும் கூடும்.